சங்குக்கு வாய் திறக்காத பிள்ளை

காலை எட்டு மணிக்குப் பிள்ளை ரூமில் பதினொரு பிள்ளைகள் இருக்கும்; பதினொன்றாவது நிவிஷா. அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அதற்கு முன்னால் உன் பிள்ளையை இப்படிக் கொடு அம்மிணி. திங்கட்கிழமை பஸ். திருப்பூர் போகிற வரைக்கும் ஒருத்தரும் சீட்டை விட மாட்டார்கள். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் பிள்ளை, தோளில் பை. பிரேக் போட்டால் என்ன செய்வாய்? கொடு. பிள்ளை பிடிப்பதுதான் என் வேலையே.

ம். கனமாகத்தான் இருக்கிறான். எத்தனை மாதம்? நாலு முடிந்ததா. தாய்ப்பால்தானே? கேட்காமலே தெரிகிறது. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு மணிக்கட்டில் நூல் கட்டி இறுக்கினது போல ஒரு மடிப்பு விழும். இதோ பார். நிவிஷாவுக்கும் இருந்தது.

நீயும் பனியன் கம்பெனிக்குத்தானே போகிறாய்? பையைப் பார்த்தாலே தெரிகிறது. தட்டு, டம்ளர், போர்வை. எந்தக் கம்பெனி என்று இன்னும் முடிவாகவில்லையா? அப்படியானால் நல்ல ஆளிடம்தான் பிள்ளையைக் கொடுத்திருக்கிறாய். சொல்கிறேன், கேள். குண்டடமே இன்னும் வரவில்லை, நேரம் இருக்கிறது.

என் பேர் மயிலாத்தாள். எங்கள் கம்பெனியில் மூன்று மாடி. கீழே கட்டிங், மேலே தையல், பின்பக்கம் பிள்ளை ரூம். வாசலில் 'கிரச்' என்று இங்கிலீஷில் போர்டு இருக்கும், நாங்கள் பிள்ளை ரூம் என்போம். அதை ஒட்டி ஒரு சின்ன அறை. ஒரு கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். அதில்தான் நான் இருக்கிறேன். வீட்டுக்காரர் போன பிறகு கொஞ்ச நாள் மகன் வீட்டில் இருந்து பார்த்தேன். மருமகள் கெட்டவள் இல்லை. வேளைக்குச் சோறு போடுவாள். தட்டை வைக்கிற சத்தத்தில் மற்றதை எல்லாம் சொல்லிவிடுவாள். பிள்ளை ரூம் இருக்கிற வரைக்கும் எனக்கு அந்த அறை. இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே கேள். இல்லையென்றால் என்னைத் தப்பாக நினைப்பாய்.

பிள்ளை ரூமுக்கு ஒரு திட்டம் வந்தது. பிள்ளைகளுக்கு ஊட்டுகிற ஒவ்வொரு வேளைக்கும் இவ்வளவு என்று திட்டத்துக்காரர்கள் கம்பெனிக்குக் காசு கொடுத்துவிடுவார்கள். பால் பவுடர், ராகிக் கூழ், பருப்புச் சாதம், பிள்ளையின் வயசுக்குத் தக்கபடி. அதற்கு முன்னால் எல்லாம் முதலாளி கைக்காசு. பிள்ளை ரூம் பக்கம் வந்தாலே முகத்தைச் சுளிப்பார். திட்டம் வந்த பிறகு ஒரு நாள் ஒரு பிள்ளையின் கன்னத்தைக் கூடக் கிள்ளினார்.

மேனேஜர் பேர் திருமூர்த்தி. என் மகன் வயசு. என்னை ஆத்தா என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் 'ஏனுங்கம்மா' என்பார். திட்டம் வந்த அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்.

"ஆத்தா, நல்லாக் கேட்டுக்குங்க. நம்ம பொருளு, நம்ம கை, பிள்ளை வாயி. இந்த மூணும் சேந்தாத்தான் ஒரு வேளை. அவளுக மிஷின விட்டு எறங்கி வந்து பாலைக் குடுத்துட்டுப் போனா அது நம்ம வேளை இல்லை. நமக்கு ஒண்ணும் வராது. வரலீனா என்ன ஆகும்னு தெரியுமில்ல? ரூமைக் காலி பண்ணிட்டு மொதலாளி மிஷினைப் போட்டுருவாரு."

என் கட்டில் கிடக்கிற இடத்தில் ஒரு மிஷின். அன்றைக்கே அது என் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

திட்டத்துக்காரர்கள் ஒரு பெரிய படமும் கொடுத்துவிட்டிருந்தார்கள், சுவரில் மாட்டச் சொல்லி. ஒரு பெண் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுக்கிற படம். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஃபேன் மாட்ட வந்த பையன்கள் ஏணி மேல் நின்றுகொண்டு அதையே பார்த்தார்கள், ஸ்க்ரூ கீழே விழுந்தது கூடத் தெரியவில்லை. நான் பழனி முருகன் காலண்டர் ஒன்றை அதன் மேல் மாட்டிவிட்டேன். படத்தில் இருந்த பிள்ளையின் கால் மட்டும் கீழே கொஞ்சம் தெரியும். அதனால் என்ன, யாரோ முருகனுக்குக் கீழே பிள்ளையைப் படுக்க வைத்தது போல அழகாகத்தான் இருந்தது.

சின்னப் பிள்ளைகளுக்கு நான் சங்கில்தான் ஊட்டுவேன். பாட்டில் எனக்குப் பிடிக்காது, கழுவினாலும் வாடை போகாது. எவர்சில்வர் சங்கு. காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையை இரண்டு காலுக்கும் நடுவில் மல்லாக்கப் போட்டு, ஒரு கையால் கன்னத்தைப் பிடித்து, சங்கு மூக்கைக் கடைவாயில் வைத்தால் போதும். விழுங்காத பிள்ளை கிடையாது. மகன், அவன் பெற்ற இரண்டு, இந்தக் கம்பெனியில் எத்தனையோ. நிவிஷாவைத் தவிர.

அவள் அம்மா பாண்டிமீனா. ஆண்டிபட்டிப் பக்கம். இருபத்திரண்டு வயசு இருந்தால் அதிகம். வீட்டுக்காரன் ஊரில் லோடு ஏற்றுகிறவன், கிடைத்தால் வேலை, இல்லாவிட்டால் தூக்கம். இவள் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தால் கை பறக்கும். அதனால்தான் கைப்பிள்ளைக்காரி என்று தெரிந்தும் சேர்த்துக்கொண்டார்கள். ஆடி மாதம் சேர்ந்தாள். முதல் நாள் பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டுப் போகிறவள், கதவு வரைக்கும் பின்பக்கமாகவே நடந்து போனாள். அப்படி ஒரு பாசம். இடித்துக்கொள்ளப் போகிறாய் என்று நான்தான் சத்தம் போட்டேன்.

அந்தப் பிள்ளை சங்கைக் கண்டால் உதட்டை உள்ளே மடித்துக்கொள்ளும். அவ்வளவுதான். கன்னத்தை அமுக்கினால் பால் வாய்க்குள் போகும், கொஞ்ச நேரம் வைத்திருந்து அப்படியே கடைவாய் வழியாக வெளியே விடும். என் கண்ணையே பார்த்துக்கொண்டு விடும். நாலு மாதப் பிள்ளைக்கு அவ்வளவு பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்கிறாய்? பிறகு அழும். அழுதால் மேலே தையல் வரைக்கும் கேட்கும். நான் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். எத்தனை பிள்ளை அழுதாலும் தாய்க்குத் தன் பிள்ளை சத்தம் மட்டும் தனியாகக் கேட்டுவிடுகிறது. அதற்கு ரேடியோ என்ன செய்யும்?

டீ டைமுக்கு வந்து நின்றாள்.

"யக்கா, பத்து நிமிசம். பால் விம்மிக் கெடக்கு. குடுத்துட்டு ஓடிர்றேன்."

"நீ வந்தா மத்தவளுகளும் வருவாளுக கண்ணு. அப்புறம் நான் எதுக்கு, இந்த ரூம் எதுக்கு?"

"கதவைச் சாத்திக்கிறேன் யக்கா. ஒருத்தருக்கும் தெரியாது."

"தெரியாம எப்படி? ஊட்டின வேளையை நான் எழுதணும். பொய் எழுதச் சொல்றியா?"

கதவில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது, அது வழியாகப் பார்த்துவிட்டுப் போனாள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். நான் கண்ணாடிக்கு ஒரு துண்டைப் போட்டேன். அவளுக்காகத்தான் போட்டேன். பார்க்கப் பார்க்கத்தானே ஆசை.

என்ன, இவன் நெளிகிறானே. கொண்டா என்கிறாயா? இரு, சும்மா வேடிக்கைக்கு நெளிகிறான். இந்தா குட்டி, ஜன்னல் பார். ஆடு பார்.

எங்கே விட்டேன்? ஆமாம். ஒரு நாள் லைன் சூப்பர்வைசர் பெண் வந்து சொன்னாள், பாண்டிமீனா சட்டை முன்பக்கம் எல்லாம் நனைந்து போய் மிஷினில் உட்கார்ந்திருக்கிறாள், அயர்ன் பண்ணுகிற பையன்கள் ஒருத்தனை ஒருத்தன் இடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள் என்று. போய்ப் பார்த்தேன். பாத்ரூமில் இருந்தாள். கழுவுகிற தொட்டியில் பீய்ச்சிவிட்டுக்கொண்டிருந்தாள். உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. பால் கட்டிக்கொண்டு கல் மாதிரி.

எனக்கு மனசு கேட்கவில்லை அம்மிணி. நான் கல்லா என்ன? அன்றைக்குச் சாயந்திரம் மார்க்கெட்டுக்குப் போய், என் காசில், நெருக்கமாகக் கட்டின மல்லிகைச் சரம் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். உனக்குத் தெரிந்திருக்கும். மார் மேல் மல்லிகையை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினால் பால் வற்றிவிடும். பிள்ளை தவறின வீட்டில் அப்படித்தான் செய்வார்கள்.

அவள் சரத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"யக்கா, இது செத்த பிள்ளைக்காரிக்கு வக்கிறதுல்ல?"

"வலிக்கிறவளுக்கு வக்கிறது. உனக்கு வலிக்குதில்ல?"

"ராத்திரிக்காவது குடுக்கலாம்னு..."

"ராத்திரிக்குக் குடுத்தா பகல்ல சங்கைத் தொடுமா? அதுக்கு ருசி தெரிஞ்சு போச்சு. விட்டா முழுசா விடணும்."

நான் கட்டாயப்படுத்தவில்லை. கேட்டுக்கொள். சொன்னேன், அவ்வளவுதான். முதல் கட்டு மட்டும் நான் கட்டிவிட்டேன். பின்பக்கம் அவளுக்குக் கை எட்டவில்லை. மறுநாள் பழைய பூவை எடுத்துவிட்டுப் புதுசு வைத்தாள். அந்த வாரம் முழுக்க அவள் பக்கத்தில் போனால் கல்யாண வீடு மாதிரி மணக்கும். லைனில் கேலி செய்தார்களாம், புருஷன் ஊரிலிருந்து வந்திருக்கிறானா, பூவெல்லாம் பலமாக இருக்கிறதே என்று. அவளும் சிரித்துக்கொண்டாளாம்.

பால் நின்றது. காய்ச்சல் விட்டது. நிவிஷாவும் வழிக்கு வந்தாள். இரண்டு நாள் கத்தினாள், மூன்றாம் நாள் சங்கை வைத்ததும் வாயைத் திறந்தாள். ஒரு முழுச் சங்கு, அப்புறம் இன்னொன்று. நான் மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஆத்தான்னா ஆத்தாதான்" என்றார். அன்றைக்கு நிம்மதியாகப் படுத்தேன். கட்டில் கிடக்கிற இடத்தில் கட்டில்தான் இருந்தது.

புரட்டாசியில் திட்ட ஆபீஸிலிருந்து ஒரு மேடம் வந்தார்கள். ஒல்லியாக, கண்ணாடி போட்டு, கையில் தண்ணீர் பாட்டில். எல்லாவற்றையும் பார்த்தார்கள். பாய், தொட்டில், சங்கு. சங்கை மோந்து கூடப் பார்த்தார்கள். "சுத்தமா வச்சிருக்கீங்க" என்றார்கள். எனக்குப் பெருமைதான். பிறகு ரூமைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்கள்.

"எந்தெந்த அம்மா வந்து பால் கொடுக்கிறாங்க?"

"யாரும் வர்றதில்லீங்க. எல்லாம் நாங்களே ஊட்டிருவோம்."

"ஏன் வர்றதில்லை?"

"தாய் குடுத்தா அது வேளையில சேராதுங்களே. அதனால நான் உள்ளயே விடறதில்லீங்க. ரொம்பக் கண்டிசன்."

மேடம் மேனேஜரைப் பார்த்தார்கள். மேனேஜர் ஃபேனைப் பார்த்தார். மேடம் நேரே போய் முருகன் காலண்டரை ஒதுக்கினார்கள். அந்தப் பிள்ளையின் கால் தெரிந்ததால்தான் கண்டுபிடித்திருப்பார்கள்.

"இந்தப் படத்தை எதுக்கும்மா கொடுத்தோம்? தாய் இங்க வந்து கொடுத்தாலும் அது ஒரு வேளைதான். நீங்க ஊட்டினா என்ன வருமோ அதே வரும். தாய் கொடுக்கணும்னுதான் திட்டமே சொல்லுது. யார் உங்களுக்கு இப்படிச் சொன்னது?"

நான் வாயே திறக்கவில்லை. மேனேஜர் முந்திக்கொண்டார். அவருக்குத்தான் எல்லாம் சீக்கிரம் புரியும்.

"அப்படீங்களா மேடம். அப்ப அந்த வேளைக்குப் பால் பவுடரே வேண்டியதில்லீங்களே."

"அம்மா கொடுக்கிற பிள்ளைக்கு வேண்டாம்."

"செலவில்லாம அதே காசு வருமுங்களா?"

மேடம் தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தார்கள். யாராவது ஒரு அம்மாவை இப்போதே வரச்சொல்லுங்கள், பார்க்கலாம் என்றார்கள். இருப்பதில் சின்னது நிவிஷா. மேனேஜர் மேலே ஆள் அனுப்பினார்.

பாண்டிமீனா வந்தாள். கையில் நூல் பஞ்சு ஒட்டியிருந்தது. கதவுக்குள் கால் வைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், வரலாமா என்பது போல. மேடம்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். "பிள்ளைக்குக் கொடும்மா. இனிமே டீ டைம்ல, மத்தியானம், எப்ப வேணா வரலாம்" என்றார்கள்.

அவள் பிள்ளையை வாங்கி மாரோடு வைத்தாள். பிள்ளை மறக்கவில்லை அம்மிணி. அவ்வளவு நாள் கழித்தும் மறக்கவில்லை. வாயை வைத்து நாலு உறிஞ்சு உறிஞ்சியது. விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தது. மறுபடி வைத்தது. பிறகு அழுதது.

"என்னம்மா?" என்றார்கள் மேடம்.

"இல்லீங்க. பூ வச்சாச்சு."

"யார் வைக்கச் சொன்னது?"

பாண்டிமீனா சட்டையைச் சரி செய்துகொண்டாள்.

"நானாத்தான் வச்சேன்."

பார்த்தாயா? அவள் வாயாலேயே சொன்னாள். மேடம் கேட்டு, மேனேஜர் எதிரில். என் மேல் தப்பு இருந்தால் சொல்லியிருப்பாளா இல்லையா? நீயே சொல்.

இவன் ஏன் இப்படி விறைக்கிறான்? பசியா? இருக்கட்டும், இருக்கட்டும். பஸ்ஸில் வைத்துக் கொடுக்காதே. கண்ட நேரத்தில் கொடுத்துப் பழக்கினால் அப்புறம் உனக்குத்தான் கஷ்டம். விரலைச் சூப்புகிறான் பார், அது போதும்.

மேடம் நல்லவர்கள். போகும்போது பாண்டிமீனாவிடம் தனியாகச் சொல்லிவிட்டுப் போனார்கள், பிள்ளையை வைக்க வைக்கத் திரும்ப ஊறும், விடாமல் வை, டாக்டரையும் பார் என்று. அவளும் தினம் டீ டைமுக்கு வந்தாள். வெறும் மாரில் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சில நாள் ஒரு சொட்டு வந்தது என்பாள். நான் பார்க்கவில்லை. மற்ற அம்மாக்களும் வர ஆரம்பித்தார்கள். ரூமில் சந்தை மாதிரி பேச்சும் சிரிப்பும். ஒருத்தி என்னிடமே கேட்டாள், "ஏனக்கா, கண்ணாடிக்குப் போட்ட துண்டைத் தொவைக்கப் போட்டாச்சா?" என்று. கிண்டல். நான் கண்டுகொள்ளவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். மேனேஜர் வந்தார்.

"ஏனுங்கம்மா. அந்த ஆண்டிபட்டிக்காரி தினம் வந்து உக்காந்துட்டுப் போறாளாம். பால் வருதா?"

"இன்னும் இல்லீங்க. ஊறுமுன்னு மேடம்..."

"பால் வந்தாத்தானுங்க அது வேளை. வராம உக்காந்திருந்தா அது லைன் டைமு. ஷிப்மெண்ட் நிக்குது. வந்ததுக்கப்புறம் வரச்சொல்லுங்க."

வைத்தால்தான் வரும், வந்தால்தான் வைக்கலாம். இதை அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் ரூம், மிஷின் என்று ஆரம்பிப்பார். மறுநாள் டீ டைமுக்கு மறுபடியும் நான்தான் கதவருகில் நின்றேன். அவள் வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். கேட்கக் கூட இல்லை, திரும்பிப் போய்விட்டாள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஏதாவது சொல்லி அனுப்பியிருப்பேன்.

பால் பவுடர் வாங்குவதையும் மேனேஜர் நிறுத்திவிட்டார். சின்னப் பிள்ளைகளுக்கு இனி தாய் இருக்கிறாள் என்றார். பெரிய பிள்ளைகளுக்குக் கூழும் சாதமும் உண்டு, குறை இல்லை. நிவிஷாவுக்கு மட்டும் பாண்டிமீனா தானே ஒரு டப்பாவில் பவுடர் கொண்டுவந்து கொடுப்பாள். முதலில் நிறையக் கொண்டுவந்தாள். வரவர டப்பா லேசாகிக்கொண்டே வந்தது. நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் நான் அல்லவா கொடுக்க வேண்டும்? இருந்ததைக் கலக்கி ஊட்டினேன். சங்குக்கு அப்படி வாய் திறக்கும் அப்போதெல்லாம். சங்கு காலியான பிறகும் திறந்து வைத்திருக்கும். ஐப்பசியில் ஒரு நாள் குளிப்பாட்டும்போது பார்த்தேன், மணிக்கட்டு மடிப்பைக் காணோம். வளர்கிற பிள்ளைக்கு மடிப்பு போவது சகஜம்தான்.

தீபாவளிக்கு எல்லோரையும் போல அவளும் ஊருக்குப் போனாள். பிள்ளையை வாங்கும்போது, "யக்கா, வர்றேன்" என்றாள். மரியாதை தெரிந்த பெண். தீபாவளி முடிந்து எல்லோரும் வந்தார்கள், அவள் வரவில்லை. வேறு இரண்டு பேரும் பிள்ளையோடு நின்றுவிட்டார்கள். ரூம் வெறிச்சென்று போய்விட்டது. மேனேஜர் ஒரு நாள் டேப் எடுத்துக்கொண்டு வந்து என் அறையை அளந்தார். கட்டிலை நகர்த்தச் சொல்லி அளந்தார்.

"ஆத்தா, ஊர்ப்பக்கம் போறப்ப சொல்லி வையுங்க. கைப்பிள்ளையோட இருக்கிறவளாப் பாருங்க. பால் குடுக்கறவளா இருந்தா ரொம்ப நல்லது" என்றார்.

அதிலிருந்து எந்தப் பஸ்ஸில் போனாலும் எனக்குக் கண் பிள்ளைக்காரிகள் மேல்தான். அதனால்தான் உன்னைக் கேட்டேன், தாய்ப்பால்தானா என்று. எங்கள் கம்பெனிக்கே வா. தங்குகிற இடம் தருவார்கள். பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு நீ நிம்மதியாக மிஷினில் உட்காரலாம். டீ டைமில் வந்து கொடு, இப்போது யாரும் தடுக்க மாட்டார்கள். பால் மட்டும் நிற்காமல் பார்த்துக்கொள். அழாதேடா. ச்சூ, ச்சூ. ஏன் அம்மிணி, ஏன் இப்படி இழுக்கிறாய்? பிள்ளை கை சுளுக்கிக்கொள்ளும். கொடுக்கிறேன், கொடுக்க மாட்டேன் என்றா சொன்னேன்?

எங்கே, கொடுவாயிலா இறங்கப் போகிறாய்? திருப்பூர் டிக்கெட் எடுத்ததைப் பார்த்தேனே. இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கிறது. சரி. இந்தா, பிடித்துக்கொள். தலையைப் பிடி. பார்த்து இறங்கு. மயிலாத்தாள் என்று கேட்டால் கம்பெனி கேட்டிலேயே சொல்வார்கள்.

என்ன கேட்டாய்? நிவிஷாவா?

கார்த்திகை பதினாறாம் தேதி பாண்டிமீனா வேலைக்குத் திரும்பி வந்தாள். பிள்ளையை ஆண்டிபட்டியில் அவள் அம்மாவிடம் விட்டுவிட்டாள். அதே லைன், அதே ஓவர்லாக் மிஷின்.